மீனம்மா விழும் விதம்

காலமெல்லாம் விழுந்துகொண்டே இருந்த ஒருத்திக்கு ஓர் எலும்புகூட முறியவில்லை. அறுபது வயது தாண்டும்வரை விழுந்தாள் என்று பேரெடுக்காத இன்னொருத்தி ஒரே ஒரு தரம் விழுந்தாள், இடுப்பு முறிந்தது. இந்த இருவரில் யாரைக் கவனமானவள் என்று சொல்வது?

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்தவர்கள் இவர்கள். விழுந்துகொண்டே இருந்தவள் மீனம்மா. ஒரு தரம் விழுந்தவள் அந்தோனியம்மா. கேள்விக்கு லயத்தில் ஆளுக்கொரு பதில் இருந்தது. மீனம்மாவுடையது குரக்கன் ரொட்டி தின்று வளர்ந்த உடம்பு என்றார்கள். அந்தோனியம்மா பாலில்லாத வெறும் சாயத்தண்ணியிலேயே காலத்தை ஓட்டியவள் என்றார்கள். மீனம்மாவுக்கு முனியாண்டி துணை என்று ஒரு கூட்டம் சொல்ல, அப்படியானால் எங்கள் அந்தோனியாருக்கு மட்டும் கண் தெரியாதா என்று அந்தோனியம்மா கட்டிலில் படுத்தபடியே கேட்டாள். மீனம்மாவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

அவள் நல்ல உயரம். தேயிலைக்குள் நிரையாக நின்று கொழுந்து பறிக்கும் பெண்களில் அவள் தலை மட்டும் தனியாகத் தெரியும். கீழே ரோட்டில் நிற்கும் கங்காணி, மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அறிய அவளைத்தான் அடையாளம் வைத்துக்கொள்வார். அந்தத் தலை சட்டென்று காணாமல் போனால் விழுந்துவிட்டாள் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் மறுபடி முளைக்கும். கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

கல்யாணமான புதிதில், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்திவிட்டோம் என்று குறுக்கு வழியில் ஓடித் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள். குளவி கலைந்த நாளில் எல்லோரும் ஓடினார்கள். அவள் உருண்டு எல்லோருக்கும் முன்னால் ரோட்டுக்கு வந்துசேர்ந்தாள். மகள் ஜீவராணி வயிற்றில் இருந்தபோதும் ஒரு மழைநாளில் சறுக்கினாள். பிறந்த பிள்ளைக்கு எதைக் கண்டாலும் பயமாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது அந்தோனியம்மாவின் கணிப்பு. ஒவ்வொரு விழுகைக்குப் பிறகும் மீனம்மா செய்தது ஒன்றுதான். எழும்பி, நெற்றியிலிருந்து கூடையைத் தாங்கும் தலைக்கயிற்றைச் சரிசெய்து, முதுகுக் கூடைக்குள் கையை விட்டுக் கொழுந்து நசுங்கிவிட்டதா என்று பார்ப்பாள்.

ஜீவராணிக்குப் பயம் இருந்தது உண்மை. அவள் மீனம்மாவின் ஒரே பிள்ளை. அப்பா போய்ச் சேர்ந்து கனகாலம். கினிகத்தேனையில் டைல்ஸ் கடையொன்றில் வேலை பார்க்கும் யோகேஸ்வரனைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியாகியிருந்தாள். கடையில் மிஞ்சிய டைல்ஸை எல்லாம் கொண்டுவந்து யோகேஸ்வரன் வீட்டுக்குப் போட்டிருந்தான். ஒரு அறைக்கு ஒரு நிறம். முகம் பார்க்கலாம் போல் பளபளக்கும். தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்தது, கக்கூசும் உள்ளேயே இருந்தது, ஏறி இறங்க ஒரு படிகூடக் கிடையாது. தோட்டத்து லயத்திலோ தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகக் கருங்கல் படிக்கட்டு, பாசி பிடித்தது, மழைக்காலத்தில் அதன் மேலேயே தண்ணீர் ஓடும்.

அந்தோனியம்மா விழுந்தது அந்தப் படியிலும் அல்ல. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கூடையையும் யாருக்கோ கொடுத்துவிட்டு, நல்ல வெயில் நாளில், தன் காம்பராவின் முன்திண்ணை இஸ்தோப்பில், சமதரையான சீமெந்தில், உடுப்புக் காயப்போட வந்தபோது விழுந்தாள். செய்தி கினிகத்தேனைக்கு வந்த அன்றைக்கு ஜீவராணி சோற்றை வடித்தபடியே முடிவெடுத்துவிட்டாள். சமதரையில் விழுந்தவளுக்கே இந்தக் கதியென்றால், அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கும் அம்மாவின் கதி என்ன? அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் அவள் எடுக்க மாட்டாள். புருஷனை எடுக்கச் சொல்லி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மீனம்மா வர மறுத்தாள். சண்டை போட்டு மறுக்கவில்லை. அடுத்த மாசம் பார்ப்போம் என்பாள், திருவிழா முடியட்டும் என்பாள், கோழி அடைகாக்கிறது என்பாள். ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கக் கூடையோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இந்த இழுபறிக்கு நடுவில் கண்டி ஆஸ்பத்திரியொன்றில் அந்தோனியம்மாவை மறுபடி பார்க்க வரச்சொல்லியிருந்தார்கள். இடுப்புக்குள் இரும்பு வைத்து, ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தாள். துணைக்கு மீனம்மா போனாள். கினிகத்தேனையில் ஜீவராணியும் அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அங்கே நிலக்ஷி என்ற ஹட்டன் பக்கத்து இளம் டொக்டர் ஒருத்தி, மலைநாட்டுப் பெண்களின் இடுப்பெலும்பு அமைப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். முறிந்தவர்களோடு ஒப்பிட, அதே வேலை செய்து முறியாமல் இருப்பவர்களும் அவளுக்கு வேண்டியிருந்தது. காத்திருக்கும் வாங்கில் உட்கார்ந்திருந்த மீனம்மாவின் நீளத்தைப் பார்த்ததும், நீங்களும் இடுப்பைப் படம் எடுத்துக்கொள்ளுங்களேன் என்று கேட்டாள்.

ஜீவராணி இதைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் காதோடு ஓர் ஒப்பந்தம் பேசினாள். எலும்பு பலமில்லை என்று மெசின் சொன்னால் அம்மா கினிகத்தேனைக்கு வந்துவிட வேண்டும். பலமாக இருக்கிறது என்று சொன்னால் தான் இனி வாயே திறப்பதில்லை. மீனம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

படுக்க வைத்து, இரண்டு பாதங்களையும் உட்பக்கமாகத் திருப்பி ஒரு கட்டையோடு சேர்த்துக் கட்டி, மேலே ஒரு கை போன்ற மெசினை மெதுவாக ஓடவிட்டார்கள். நோகவில்லை. ஆனால் காலைத் திருப்பிக் கட்டியதை மீனம்மா நெடுநாள் மறக்கவில்லை. கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோகும் மாதிரிக் கட்டிப்போட்டார்கள் என்று பிறகு லயம் முழுக்கச் சொன்னாள்.

முடிவு சொல்ல டொக்டர் நிலக்ஷி மூவரையும் ஒன்றாகவே உட்காரவைத்தாள். மீனம்மாவின் எலும்பு வயதுக்கு மிஞ்சிய கனத்தோடு இருக்கிறது என்றாள். மீனம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால், என்று டொக்டர் தொடர்ந்தாள். இப்போது ஜீவராணி அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, விறகு ஒடிச்சிருக்கீங்கதானே?"

இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் என்பது போல மீனம்மா தலையை ஆட்டினாள்.

"ஒரே தடிப்புல ரெண்டு கம்பு. ஒன்னு குட்டை, ஒன்னு நீட்டு. எது லேசா ஒடியும்?"

"நீட்டுதான்."

"உங்க இடுப்புல இருக்கறது நீட்டு."

தொடையெலும்பின் மேல் நுனியில் பந்து மாதிரி ஒரு தலை இருக்கிறது. அது இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தலையையும் தொடையெலும்பையும் சரிவான ஒரு கழுத்து இணைக்கிறது என்று படத்தில் காட்டினாள். அந்தக் கழுத்தோடு சேர்த்து, வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கம் வரை அளந்தால் சிலருக்கு நீளம் கூடுதலாக வரும். அப்படிப்பட்டவர்கள் பக்கவாட்டில் விழுந்தால் எலும்பு எவ்வளவு கனமாக இருந்தாலும் முறிகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இது வளரும்போதே அமைந்துவிடுவது. மருந்தால் குட்டையாக்க முடியாது. அந்தோனியம்மாவுக்கு இதற்கு நேர்மாறு. கழுத்து குட்டை, ஆனால் எலும்பு மெலிந்துபோயிருந்தது.

அப்படியானால் அம்மாவுக்கு முறியுமா முறியாதா என்று ஜீவராணி கேட்டாள். டொக்டர் நேர்மையானவள். தெரியாது என்றாள். இப்படி அளவுள்ள ஆயிரம் பெண்களை எடுத்தால் அவர்களில் எத்தனை பேருக்கு முறியலாம் என்று சொல்ல முடியும். அந்த ஆயிரத்தில் உங்கள் அம்மா எந்த இடத்தில் நிற்கிறார் என்று சொல்ல முடியாது. படிப்பு அந்த எல்லை வரைக்கும்தான் வரும். அதற்கு அப்பால் ஒவ்வொருவரும் தனியாகத்தான் விழ வேண்டியிருக்கிறது.

பிறகு அவள் பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு, இத்தனை தரம் எப்படி விழுந்தீர்கள், எந்தப் பக்கமாக, என்று மீனம்மாவிடம் கேட்டாள். மீனம்மாவுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. விழுந்தேன், எழும்பினேன் என்றாள். அந்தோனியம்மாதான் ஊன்றுகோலைத் தரையில் தட்டினாள்.

"இவ எங்கங்க டொக்டர் விழுந்தா? கூடையில ஒக்காருவா. நாங்க எல்லாம் அப்பிடித்தான். கால் போச்சின்னா கயித்தப் புடிச்சிக்கிட்டு பொத்துன்னு பின்னால ஒக்காந்துருவோம். கொழுந்து மெத்த மாதிரி. சும்மா கூடைன்னாலும் பெரம்பு நசுங்கித் தாங்கிரும்."

"அப்ப நீங்க அன்னைக்கி?" என்றாள் டொக்டர்.

"நானும் ஒக்காரத்தான் பாத்தேன்," என்றாள் அந்தோனியம்மா. "கூடை இல்ல."

அந்தோனியம்மாவே முதலில் சிரித்தாள். டொக்டர் அதை எழுதிக்கொண்டாள். மலையில் வேலை செய்யும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த படங்குச் சாக்கைப் பற்றியும் கேட்டு எழுதிக்கொண்டாள். இடுப்பின் இரண்டு பக்கத்திலும் மெத்தை வைத்துக் கட்டும் உடுப்பு வெளிநாடுகளில் விற்கிறார்கள், நீங்கள் படங்கு என்ற பேரில் அதைத்தான் கட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள் என்றாள். முறிந்ததற்கு மெலிந்த எலும்பு எவ்வளவு காரணம், சீமெந்து எவ்வளவு, இல்லாத கூடை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சண்டை தொடங்கியது. ஒப்பந்தத்தில் இப்படியொரு முடிவு வரும் என்று இருவருமே நினைத்திருக்கவில்லை. கம்பு நல்ல கம்பு என்று டொக்டரம்மாவே சொல்லிவிட்டார்கள், இனி நீ வாயைத் திறக்கக் கூடாது என்றாள் மீனம்மா. நீட்டுக் கம்பு என்றும்தானே சொன்னார்கள் என்றாள் ஜீவராணி. பலமா பலமில்லையா என்பதுதானே பேச்சு, நீட்டா குட்டையா என்று யார் கேட்டது என்றாள் மீனம்மா. கம்பளை தாண்டி, நாவலப்பிட்டி தாண்டி இது போயிற்று. முன் ஆசனத்தில் மரக்கறிப் பையோடு இருந்த ஒரு பெண் திரும்பி, அப்படியென்றால் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே இருக்கலாமே என்று யோசனை சொன்னாள். தாயும் மகளும் ஒரே மாதிரி அவளைப் பார்த்த பார்வையில் அவள் மறுபடி ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஜன்னலோரம் அந்தோனியம்மா முந்தானையால் சிரிப்பை மூடிக்கொண்டிருந்தாள்.

கினிகத்தேனையில் ஜீவராணி இறங்க வேண்டும். அம்மாவின் பையையும் சேர்த்துத் தூக்கினாள். மீனம்மா பையை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அந்தோனியம்மாவ யாரு கொண்டுபோய் விடுறது?"

ஜீவராணி தனியாக இறங்கினாள். பஸ் ஹட்டனை நோக்கிப் போய்விட்டது.

அடுத்துவந்த ஞாயிற்றுக்கிழமை ஜீவராணி தோட்டத்துக்குப் போனாள். இந்த முறை சும்மா திரும்புவதில்லை என்று அம்மாவின் துணிமணி வைக்கப் பெரிய பயணப் பை ஒன்றையும் கொண்டுபோயிருந்தாள். காம்பரா பூட்டியிருந்தது. கைக்காசுக்குப் போயிருக்கிறாள் என்று அந்தோனியம்மா சொன்னாள். ஜீவராணி இஸ்தோப்பில் உட்கார்ந்து, வரும்போது சொல்ல வேண்டிய வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மழை தூறியது. பிற்பகலில் கீழே படிக்கட்டில் அந்த உயரத் தலை தெரிந்தது. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, கூடைக்குள் மடித்த கம்பளியும் ஒரு பிடி வல்லாரையுமாக ஏறி வந்துகொண்டிருந்தாள். பாதிப் படியில் கால் போயிற்று.

ஜீவராணி எழும்பினாள். அம்மா விழுவதை அவள் வளர்ந்த பிறகு பார்த்ததே இல்லை, கேட்டிருக்கிறாள் அவ்வளவுதான். அம்மாவின் கைகள் தரையைத் தேடவில்லை. இரண்டும் நெற்றியின் இரு பக்கமும் போய்க் கயிற்றைப் பிடித்தன. முழங்கால் மடிந்தது. யாரோ நாற்காலி போட்டுவைத்ததைப் போல நேராகப் பின்னுக்கு உட்கார்ந்தாள். கூடை ஒரு தரம் கிரீச்சிட்டு அவளைத் தாங்கிக்கொண்டது. இரண்டு கால்களும் ஆகாயத்தில் இருந்தன. ஒரு செருப்பு மட்டும் தனியாகக் கீழ்ப்படிகளில் இறங்கிப் போனது. மீனம்மா அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் இருந்துவிட்டு, கயிற்றைச் சரிசெய்து எழும்பி, செருப்பை எடுக்கக் கீழே இறங்கினாள்.

ஜீவராணி அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் அன்றைக்குப் பேசப்படவில்லை. அவள் கண்ணுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. கினிகத்தேனை வீடு. நீல டைல்ஸ் போட்ட அறை. ஈரக்காலோடு அம்மா. கால் போகிறது, கைகள் இரண்டும் இல்லாத கயிற்றைத் தேடி நெற்றிக்குப் போகின்றன, முழங்கால் மடிகிறது, பின்னால் ஒன்றும் இல்லை. பத்திரமான இடம் என்று தான் இத்தனை மாதம் மன்றாடிக் கூப்பிட்டது அந்த இடத்துக்குத்தான்.

கொண்டுபோன பையை வெறும் பையாகவே கொண்டுவந்தாள். யோகேஸ்வரனிடம் சொல்லி, இரும்புக் குழாய் வாங்கி, பீலிப் படிக்கட்டின் ஓரம் முழுக்கப் பிடித்து நடக்கக் கம்பி போட வைத்தாள். ஞாயிற்றுக்கிழமையைத் தோட்டத்துப் பாசியில் கழிக்க வேண்டியிருந்ததைப் பற்றி அவன் முணுமுணுத்தான்; ஆனாலும் கம்பி ஆடாமல் நின்றது. பழைய கதிரையின் மெத்தைப் பஞ்சை வெட்டி, உள்பாவாடையின் இரண்டு பக்கமும் பை வைத்து, ஜீவராணியே தைத்தாள். போட்டுப் பார்த்த மீனம்மாவின் இடுப்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. நெட்டைக்கு இப்பத்தான் ஒரு அழகு வந்திருக்கிறது என்றாள் அந்தோனியம்மா.

அன்றைக்குத்தான் ஜீவராணி அதைச் சொன்னாள். சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ இங்கயே இரும்மா. நான் இனிமே கூப்பிட மாட்டேன்."

மீனம்மா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ம் என்றாள்.

ஜீவராணி பயத்தை ஒரேயடியாக விட்டுவிட்டாள் என்று சொல்ல முடியாது. போன் அடித்தால் இப்போதும் ஒரு தரம் புருஷனைத் திரும்பிப் பார்ப்பாள். ஆனால் தானே எடுத்தாள். அதைப் பெரிய தைரியம் என்று அவளே நினைக்கவில்லை. நாமும் நினைக்க வேண்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் கினிகத்தேனை வீட்டு வாசலில் யாரோ கனைக்கும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள். மீனம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் குடை, மற்றதில் துணிமணியெல்லாம் கட்டிய பெரிய மூட்டை. சேலைக்குள் மெத்தைப் பாவாடை இரண்டு பக்கமும் தெரிந்தது. முதுகு வெறுமையாக இருந்தது.

முதலில் ஜீவராணி பார்த்தது அதைத்தான். கூடை எங்கே என்று கேட்டாள்.

"அந்தோனியம்மாகிட்ட."

உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு, அந்தோனியம்மாவுக்குப் போன் எடுத்தாள். அன்று விடிய அவளுடைய கதவுக்குப் பக்கத்து ஆணியில் மீனம்மா கூடையைக் கொண்டுவந்து மாட்டினாளாம். உள்ளே பழைய கம்பளிகளை இறுக்கமாக அடைத்திருந்ததாம். பீலிக்குப் போகும்போது போட்டுக்கொண்டு போ என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாளாம். ஊன்றுகோலும் கூடையுமாகத் தான் தண்ணிக்குப் போனதைப் பார்த்து லயமே சிரித்தது என்று அந்தோனியம்மா சொன்னாள். சொல்லும்போது அவளும் சிரித்தாள்.

"பெரியம்மா, அம்மா ஏன் வந்துச்சி? நான்தான் இரின்னு சொல்லிட்டேனே."

"எனக்கு என்னத்த சொன்னா? ஒன்னும் சொல்லல புள்ள."

பிற்பாடு ஜீவராணி அம்மாவிடமே கேட்டாள். ஒரு தரம் சோறு போடும்போது, ஒரு தரம் தலை வாரும்போது. பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கூடை இல்லாமல், டைல்ஸ் தரைக்கு, நீட்டு எலும்போடு, யாரும் கூப்பிடாத ஒரு நாளில் ஏன் வந்தாள் என்பதை மீனம்மா கடைசிவரை சொல்லவில்லை. வந்த அன்று காலை, உள்ளே நுழையும்போது அவள் செய்தது இவ்வளவுதான். வாசலில் செருப்பைக் கழற்றினாள். குடையை மடக்கி மூலையில் சாத்தினாள். மகள் நீட்டிய கையைப் பிடிக்காமல், நீல டைல்ஸில் முதலில் ஒரு பாதத்தை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு மற்றதை வைத்தாள்.